விற்கும் வரை நஷ்டமில்லை

திரையில் அந்த எண் இன்றும் சிவப்பாகவே இருந்தது.

அவள் அடுப்படியில் நின்றபடி கைபேசியைப் பார்த்தாள். குக்கர் ஓய்ந்து வெகுநேரமாகிவிட்டது. கூடத்தில் அவள் கணவர் தொலைக்காட்சியில் பங்குச்சந்தை நிலவரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாழ்நாளெல்லாம் அவள் வகுப்பறையில் தொண்டை வறளக் கத்திச் சேர்த்த ஓய்வுக்காலப் பணம். கணக்கு அவள் பெயரில். அதைப் போட்ட கம்பெனியைத் தேர்ந்தெடுத்தது மட்டும் அவர்.

மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

போன மாதம், விற்றுவிடலாமா என்று கேட்டாள். சிரித்தார்.

"விக்கிற வரைக்கும் அது நஷ்டமே இல்லடி. கொஞ்சம் பொறு. மேல வரும்."

வரவில்லை.

இன்று விடியும்போது மகள் தாரிணி அழைத்தாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பேசினாள்.

"முடியலம்மா. வந்துடட்டுமா?"

அவள் வாய் திறக்குமுன் கைபேசியை அவர் வாங்கிக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. போகப் போகச் சரியாயிடும்."

அதே நிதானம். அந்தக் கம்பெனியைப் பற்றிப் பேசும்போது வருகிற அதே குரல்.

மறுமுனையில் குழாய் மூடப்பட்டது.

போன சித்திரையில், அந்த வெயிலிலும் முழுக்கைச் சுடிதாரோடு வந்திருந்தாள் தாரிணி. எண்ணெய் தேய்க்கச் சுடிதார் கையை மடித்தபோதுதான் தெரிந்தது. ஊதாவும் மஞ்சளுமாக நான்கு விரல் தடங்கள். இவள் அந்த இடத்தில் மட்டும் மெதுவாகத் தேய்த்தாள். எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் முறுக்கு டப்பாவைப் பையில் வைத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

வாழாவெட்டியாக இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று அவர் எப்போதோ சொல்லிவிட்டார்.

மிச்சமிருப்பதை விற்றால், வேறெங்காவது இரண்டு அறைக்கு முன்பணம் கொடுக்கலாம். கொஞ்ச நாள் சாப்பிடலாம். இரண்டு பேருக்குப் போதும்.

விற்காமல் வைத்திருந்தால், போட்டதெல்லாம் ஒருநாள் திரும்பி வரலாம்.

ஒருநாள்.

அவள் விரல் திரையைத் தொட்டது.

அவர் கைபேசிக்கும் தகவல் போயிருக்க வேண்டும். கூடத்தில் தொலைக்காட்சி சட்டென்று ஊமையானது.

"ஏண்டி, அடிமாட்டு விலைக்கா வித்தே? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

அவள் திரும்பவில்லை. நஷ்டம் இப்போது உண்மையாகிவிட்டது. ஆச்சரியமாக, மூச்சு விட முடிந்தது.

மகளை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது.

மறுபடியும் அழைத்தாள்.

எடுத்தது மருமகன்.

"சொல்லுங்க அத்தை." மரியாதையான குரல். எப்போதும் அப்படித்தான். "தாரிணி தூங்குறா."

சன்னல் கம்பியில் வெயில் ஏறியிருந்தது. காய்ச்சலில்கூடப் பகலில் கண் மூடாதவள் தாரிணி.

"எழுப்புங்க மாப்பிள்ளை."

"எழுந்ததும் பேசச் சொல்றேன் அத்தை."

அவனுக்குப் பின்னால், எங்கோ உள்ளே, குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

யாரும் அதை மூடவில்லை.