எட்டாவது கிலோமீட்டர்

“எட்டாவது கிலோமீட்டர். மூச்சு வாங்குகிறது. ஏரிக்கு மேலே ஒற்றை மேகம், கிழக்கு வெளுக்கட்டும் என்று அவசரமே இல்லாமல் நிற்கிறது. காத்திருப்பதும் ஓட்டத்தில் சேர்த்திதான் என்று வானம் இன்றைக்குச் சொல்லிக் கொடுத்தது.”

விடியற்காலை ஐந்து நாற்பதுக்குப் படத்தோடு இதைப் போனில் ஏற்றிய மேலாளர், எட்டு மணிக்கு சோபாவில் சாய்ந்து பாராட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். மூன்று வருடமாகத் தினம் ஒரு வானம், தினம் ஒரு பாடம். அலுவலகத்திலும் தெருவிலும் அவருக்கு ‘வானம் சார்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அடுத்த வாரம் எல்லாம் சேர்ந்து புத்தகமாக வருகிறது.

“காபி என்னாச்சு?”

“தலைவலிங்க. இதோ ஆயிடுச்சு.” சமையலறையில் ஏதோ பாத்திரம் கை நழுவி உருண்டது. கல்யாணமான இருபது வருடத்தில் காபி எட்டு மணியைத் தாண்டியது இதுதான் முதல் தடவை.

அழைப்புமணி அடித்தது. வாசலில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர், பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

“வானம் சார்தானே? தினமும் உங்களைப் படிச்சுட்டுத்தான் சார் ட்யூட்டிக்குக் கிளம்புவேன்.”

அவருக்கு உச்சி குளிர்ந்தது. “உள்ள வாங்க மேடம். புத்தக வெளியீட்டுக்கு நீங்க அவசியம் வரணும்.”

“பார்க்கலாம் சார். இன்னைக்கு ஏரிக்கரையில எத்தனை மணி வரைக்கும் ஓடினீங்க?”

“அஞ்சுக்குக் கிளம்பினா, திரும்ப ஆறரை ஆயிடும்.” எல்லோரிடமும் சொல்லிப் பழகிய பதில். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

“கார்லதான் போறீங்க, இல்ல?”

“ஏரி வரைக்கும் கார், அதுக்கப்புறம் கால்.” இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

“அஞ்சே முக்காலுக்கு அங்க ஓடிக்கிட்டிருந்த, உங்க பக்கத்துத் தெரு ஸ்கூல் டீச்சரை ஒரு கார் அடிச்சிட்டு நிக்காமப் போயிடுச்சு. ரெண்டு மாசமாத்தான் ஓடுறாங்களாம். அதுவும் உங்க எழுத்தைப் படிச்சுட்டு.”

“ஐயய்யோ! நான் எதையும் பாக்கலையே மேடம்.”

“தூக்கிவிட்ட பேப்பர்காரர்கிட்ட, நினைவு தப்புறதுக்கு முன்னாடி மூணே வார்த்தை சொல்லியிருக்காங்க. ‘வானம் சார் கார்’னு.”

அவர் வாயைத் திறப்பதற்குள் வெளியிலிருந்து கான்ஸ்டபிள் குரல் கொடுத்தார். “மேடம், கொஞ்சம் இங்க வந்து பாருங்க.”

கார் வழக்கமான இடத்தில்தான் நின்றது. வலது பக்க விளக்கு நொறுங்கியிருந்தது. அதற்கு மேலே தகடு உள்வாங்கியிருந்தது. மழை பெய்து பத்து நாளாகிறது. காருக்கு அடியில் மட்டும் தரை நனைந்து கிடந்தது.

வானம் சார் குனிந்து பார்த்தார். நேற்று சாயங்காலம் அவரே கொண்டுவந்து நிறுத்திய கார். அப்போது ஒரு கீறல்கூட இல்லை அதில்.

“வீட்ல வேற யார் யார் இருக்காங்க?”

“நானும் மிஸஸும் மட்டும்தான்.”

“அவங்க கார் ஓட்டுவாங்களா?”

“லைசென்ஸ் வாங்கி வச்சிருக்கா. சாவியை நான் தொட விடுறதில்ல. கேட்டைத் தாண்டுறதுக்குள்ள ரெண்டு இடத்துல இடிப்பா.” நண்பர்களிடம் நூறு முறை சொல்லிச் சிரித்த வாக்கியம். இப்போதும் அப்படியே வந்து விழுந்தது.

“அப்போ இதை ஓட்டுறது நீங்க ஒருத்தர்தான்.” இன்ஸ்பெக்டர் நிதானமாக எழுதிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. காதில் வைத்து, “எப்போ?” என்று மட்டும் கேட்டார். போனைப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“டீச்சர் போயிட்டாங்க சார். ஆபரேஷன் பண்ணும்போதே.”

புத்தகம், மேடை, மாலை, கைதட்டல் எல்லாம் ஒரு கணத்தில் வானம் சாரின் கண் முன்னால் வந்து போயின. இனி எது போனாலும் போகட்டும், தலை தப்பினால் போதும் என்று தோன்றியது.

“மேடம், நான் ஓடுறதே இல்ல.”

“என்ன சொல்றீங்க?”

“ஒரு நாள்கூட ஓடினதில்ல. எங்க மொட்டைமாடியில நின்னாலே ஏரி தெரியும். ஒரு படம் எடுப்பேன், ரெண்டு வரி எழுதிப் போடுவேன், போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு ஏழு மணி வரைக்கும் தூங்குவேன். இன்னைக்கும் அதேதான். மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு முட்டும் மேடம்.”

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தினமும் படித்த மரியாதை அந்த முகத்தைவிட்டு இறங்குவது கண்கூடாகத் தெரிந்தது.

“இத்தனை பேரை ஏமாத்தினதா நீங்களே சொல்றீங்க. இதை மட்டும் நான் எப்படி நம்புறது? யாரு சாட்சி?”

“என் பொண்டாட்டி. இந்த விஷயம் உலகத்துல அவ ஒருத்திக்குத்தான் தெரியும்.”

அவள் ஏற்கெனவே வாசற்படிக்கு வந்து நின்றிருந்தாள். டீச்சர் இறந்த செய்தி அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். உதடுகள் வெளிறிப் போயிருந்தன.

“சொல்லு, மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிடு” என்றார் அவர், கும்பிடாத குறையாக. “மானம் போனாப் போகுது. அஞ்சே முக்காலுக்கு நான் எங்க இருந்தேன்னு சொல்லு.”

அவள் காரைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். பிறகு கணவனை நேருக்கு நேர், கண் இமைக்காமல் பார்த்தாள்.

“என்னங்க இது, தினமும்போல இன்னைக்கும் அஞ்சு மணிக்கே காரை எடுத்துக்கிட்டு ஓடத்தானே போனீங்க?”