வீங்கிய மணிக்கட்டு

தென்கொரியாவின் சியோல் நகரில், கட்டாய ராணுவ சேவைக்கான உடல்தகுதிச் சோதனை வரிசையில் நின்ற ஜின்சோப்புக்கு வேர்த்துக் கொட்டியது. வீடியோ கேம் அணிக்காக ஆடி ஆடி வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"நடுங்காதடா. என்னை மாதிரி கட்டுப் போட்டுட்டு வந்திருக்கலாம்ல? கழிச்சு விட்டுருவாங்க," என்றான் பின்னால் நின்ற அணித் தோழன் தேசுங்.

டாக்டர் மணிக்கட்டை அழுத்தினார். "வலிக்குதா?"

உயிரே போனது. "இல்லீங்க சார்," என்றான் ஜின்சோப்.

"தேறிட்டே. போ."

தேசுங் காதோரம் சீறினான். "லூசாடா நீ? ஒன்றரை வருசம் பட்டாளத்துலயே போயிருமே! அப்புறம் அணியில எவன் சேர்ப்பான்?"

"அணியில சோறும் படுக்கையும்தானே தர்றாங்க? பட்டாளத்துல மாசாமாசம் சம்பளம்டா. கழிச்சுருவாங்களோன்னுதான் நடுங்குனேன்."

"அடுத்த ஆள்!" என்று கூப்பிட்டார் டாக்டர்.

தேசுங் அவசரமாகக் கைக்கட்டை அவிழ்த்துப் பைக்குள் திணித்தான்.