நேரடிச் செயல்விளக்கம்

மேடையில் துறைத்தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் சிவப்பு எச்சரிக்கை மின்னியது. சோதனைக்காக எடுத்துக்கொண்ட இருபது வீடுகளில் ஒன்றில், குளியலறைத் தரையில் பதித்த சென்சார் யாரோ விழுந்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தது.

"பாத்தீங்களா? ஆள் விழுந்து ஒரு நொடிகூட ஆகல. செய்தி இங்க வந்துடுச்சு!"

அரங்கமே கைதட்டியது.

அந்தச் சென்சாரை வடிவமைத்த உதவி ஆய்வாளர், கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நிகழ்ச்சி நிரலில் நேரடிச் சோதனையே கிடையாது. காசுக்கு ஆள் பிடித்து விழவைத்துவிட்டு, தற்செயல்போல நடிக்கிறாரே! மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

கேள்வி நேரம், பொன்னாடை, புகைப்படம் எல்லாம் முடிந்ததும் அவரிடம் போனாள்.

"என்ன சார் இது அசிங்கம்? விழறதுக்கு யாரை செட் பண்ணீங்க?"

"சேச்சே, நான் எதுக்கும்மா ஏமாத்தணும்? அது நிஜமாவே விழுந்ததுதான்."

"யார் வீட்டுல?"

"எங்க வீட்டுலதான்." காபியை ஊதிக் குடித்தார். "அப்பா தனியா இருக்கார். அதுக்காகப் பேச்சைப் பாதியில விட்டுட்டு ஓட முடியுமா? சாப்பிட்டுட்டுக் கிளம்பறேன்."

அவள் திரும்பிக் கணினியைப் பார்த்தாள். தரையில் இன்னும் ஆள் கிடப்பதாகச் சென்சார் காட்டிக்கொண்டிருந்தது; வீட்டுக்கு ஒரு சோதனை எண் மட்டுமே இருந்தது, முகவரி இல்லை. ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

"சார், அட்ரஸ் சொல்லுங்க! சீக்கிரம்!"

அவர் அதற்குள், பாராட்ட வந்த யாருக்கோ சிரித்தபடி கை கொடுத்துக்கொண்டிருந்தார்.