கூண்டில் ஒரு ஆடிஷன்

கோழிக்கடைக்கு எதிரே ஒரு சினிமா கம்பெனி இருந்தது. கையில் போட்டோவோடு தினமும் அங்கே வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து, கூண்டிலிருந்த பிராய்லர் கோழிகளும் தங்களை நடிகர்கள் என்றே நினைத்துக்கொண்டன.

"கடை போர்டுல சேவல் படம் இருக்கே, அவரும் நம்ம கூண்டுலேர்ந்து போனவருதான்" என்றது கொழுத்த கோழி.

"அவரு செவப்பா இருக்காரேண்ணே? நாமெல்லாம் வெள்ளையாச்சே?" என்று கேட்டது நொண்டிக் கோழி.

"அது மேக்கப்டா. ஞாயித்துக்கிழமைதான் நிறைய பேரை எடுப்பாங்க. ரோட்டைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நிக்கணும். மூலையில கெடந்தா யார் கண்ணுல படுவே?"

"என்னை மூணு தடவை தூக்கிப் பார்த்துட்டு, கால் சரியில்லைன்னு திரும்பப் போட்டுட்டாங்கண்ணே. ஆமா, போனவங்க யாருமே ஏன் நம்மளைப் பார்க்க வர்றதில்ல?"

"பெரிய ஆளாயிட்டா இங்கெல்லாம் எதுக்குடா வரப்போறாங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வந்து விரலை நீட்டினார். கடைக்காரர் கொழுத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கினார்.

"உனக்கும் சொல்லி வைக்கிறேண்டா" என்றது அது, தலைகீழாகத் தொங்கிக்கொண்டே.

தார்ப்பாய் மறைவுக்குள் அதைக் கொண்டு போனார்கள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது. கூண்டே ஆடாமல் அசையாமல் நின்றது.

"அப்பா, என்ன நடிப்பு!" என்றது நொண்டிக் கோழி. "எனக்கெல்லாம் இது எப்ப வரும்?"

பிறகு அது மூலையை விட்டு நொண்டி நொண்டி முன்னால் வந்தது. ரோட்டைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டு, அந்த அலறலை அப்படியே அலறிப் பழக ஆரம்பித்தது.