தேவதாரு என்று எழுதிய பலகை

மரக்கடையில் இரண்டு பலகைகள் சாய்ந்திருந்தன. கடைக்காரர் இரண்டிலும் சாக்கட்டியால் ‘தேவதாரு’ என்று எழுதியிருந்தார்.

“உன்னிடம் தேவதாரு வாசனையே இல்லையே?” என்று கேட்டது முதல் பலகை.

“நான் மலைவேம்பு. வெட்ட வந்தவனும் என்னைத் தேவதாரு என்றே நினைத்தான். கோடாலி வைக்குமுன் வழக்கப்படி கற்பூரம் கொளுத்தி, ‘தேவதாருவில் குடியிருப்பவரே, இறங்கிப் போய்விடும்’ என்று கும்பிட்டான்.”

“உனக்குள் இருந்த ஆவி இறங்கியதா?”

“எப்படி இறங்கும்? வேறு யாரையோ சொல்கிறான் என்று பேசாமல் இருந்துவிட்டது.”

தன் குழந்தைக்குத் தொட்டில் செய்ய மரம் தேடி வந்த ஞானதுரை, எழுத்தைப் படித்துவிட்டு மலைவேம்பை விரலால் தட்டிப் பார்த்தார்.

“இதையே குடுங்கண்ணே. தேவதாருன்னா பிள்ளைகிட்ட ஒரு பூச்சிபொட்டு அண்டாது.”

பலகைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பதிலுக்குத் தட்டியது.