கூட வந்தவர்

“லிஃப்ட் இருக்கும்போது எதுக்குப் படியேறி வந்து இப்படி மூச்சு வாங்குறீங்க?” மருத்துவமனை மாடியில் காத்திருந்தவள் கேட்டாள்.

“ஆறு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு எழுதியிருந்தது. நீதான் ஏற்கெனவே உள்ள இருந்தியே!”

கைப்பையால் அவன் தோளில் ஒன்று வைத்தாள். “மாத்திரைதான் பசியைக் கிளப்புதுன்னு டாக்டரே சொன்னாங்க.”

“பசியை மாத்திரை கிளப்புச்சு, சரி. என் பங்கு பிஸ்கட்டைத் தின்னது யாரு? அதுவும் மாத்திரையா?”

போன வருடம் அவள் கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆரம்பக் கட்டம்தான். எடுத்துவிடுவதே பத்திரம் என்றார்கள். ஒரே ஒரு குழந்தை, அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அதனால் மாத்திரையும், உள்ளேயே மருந்து கசியும் லூப்பும். அவ்வப்போது மயக்கம் கொடுத்துச் சுரண்டியெடுத்துச் சோதிப்பார்கள். போன தடவை சுத்தம். இன்றும் சுத்தமென்றால் குழந்தைக்கு வழி உண்டு. இல்லையென்றால் ஆபரேஷன்.

“கூட வந்தவரும் உள்ள வரலாம்” என்றாள் நர்ஸ்.

“வேண்டாம் சிஸ்டர். போன தடவை எனக்கு ஊசி போட்டதுக்கு இவர் மயங்கி விழுந்தார்.”

“அது அசதி” என்றபடி அவன் முந்திக்கொண்டு உள்ளே போனான்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்தார்.

“இந்தத் தடவையும் சுத்தம்மா. எதுவுமே இல்லை.”

அவள் சிரித்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தான். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

“லூப்பை இன்னிக்கே எடுத்துடலாம். ஆனா இது திரும்பி வரக்கூடிய நோய். அதனால குழந்தையைத் தள்ளிப் போடாதீங்க. இந்த மாசமே முயற்சி பண்ணுங்க, ரெண்டு பேரும். என்ன?”

அவன் தரையைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

“ஏன், என்ன ஆச்சு?”

அவன் பக்கம் திரும்பாமலே அவள் சொன்னாள். “கொஞ்ச நாளாகும் டாக்டர். நோய் தெரியறதுக்கு முன்னாடியே நாங்க கோர்ட்டுக்குப் போயிட்டோம். விவாகரத்து ஆகி எட்டு மாசம் ஆச்சு. திரும்ப என்னைக் கட்டிக்கச் சம்மதமான்னு இவரை நீங்களே கேட்டுச் சொல்லுங்களேன்.”