ஒரு படி தவிடு

"செத்த புள்ளை ஆசையாச் சேத்து வச்சதைப் போயி ஒரு படி தவிட்டுக்கு விக்கிறியே, நீயெல்லாம் பெத்தவளாக்கா?"

வேலியோரம் நின்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பூவாயி. கேட்க வேண்டியதைக் கேட்பாளோ இல்லையோ, கேட்க வேண்டாததை முதலில் கேட்டுவிடுவாள்.

அத்தாயி வாயைத் திறக்கவில்லை. தகரப் பெட்டியைத்தான் திறந்து காட்டினாள்.

ஏற்காட்டிலிருந்து ஜீப்பில் வந்திருந்த பழைய சாமான் வியாபாரி முகமது யூசுப் உள்ளே கைவிட்டுத் துழாவினார். பெட்டி நிறையத் தீப்பெட்டிப் படங்கள். புலி, கப்பல், தாமரை, சாவி. அதிலும் பாதிக்கு மேல் அதே புலி.

"ஏனுங்கம்மா, இதுல ஒண்ணும் தேறாதுங்க. தகரத்துக்கு வேணா ஏதாச்சும் போட்டுத் தரேன்."

"காசு வேண்டாம் பாய். ஒரு படி தவிடு குடுங்க, போதும்."

யூசுப்பின் கை அப்படியே நின்றது. இந்தச் செம்மநத்தம் மலைக்கிராமத்துக்கு வந்து போகிறவருக்கு அதன் அர்த்தம் தெரியும். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைத் தவிட்டுக்கு விற்பார்கள். விற்றுவிட்டால் அது வாங்கியவர் வீட்டுப் பிள்ளை. பெற்ற வீட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆனால், செத்த பிள்ளையை யாரும் விற்று அவர் பார்த்ததில்லை.

மூத்தவன் பொன்னுவேல் பத்து வயதில் காய்ச்சலில் போனவன். இருந்தவரை தீப்பெட்டிப் படமே அவனுக்குச் சோறு, தண்ணி. போன பிறகும் விட்டபாடில்லை. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில், சாத்திய உள்ளறையிலிருந்து படம் கலைக்கும் சத்தம் வரும். சரக், சரக், சரக். ஊரே கேட்டிருக்கிறது. பூவாயி ஒருமுறை கேட்டுவிட்டுக் காய்ச்சலில் கிடந்தாள்.

இளையவன் மாதப்பனுக்குச் சேலத்தில் வேலை. அப்பா சின்னனுக்கு மூச்சிழுப்பு. இன்னொரு மழைக்காலத்தை மலையில் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதப்பன் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தான்.

"உங்கம்மா வரமாட்டா சாமி. பொன்னு வந்து பாக்கறப்ப ஊடு பூட்டிக் கெடந்தா?" என்பார் அப்பா.

"உங்கப்பன் வரமாட்டாரு கண்ணு" என்பாள் அம்மா.

இன்றைக்கு, பெட்டியை விற்றுவிட்டுச் சேலத்துக்குக் கிளம்ப அம்மாவே துணிந்துவிட்டாள். அப்பாவும் தலையாட்டிவிட்டார்.

யூசுப் ஜீப்பிலிருந்த கோழித் தீவன மூட்டையை அவிழ்த்து ஒரு படி தவிடு அளந்து கொட்டினார். என்ன நினைத்தாரோ, தகரப் பெட்டியைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஜீப் பனிக்குள் இறங்கியது.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. உள்ளறையில் சத்தமே இல்லை.

கூட்டிப்போக வந்திருந்த மாதப்பனுக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது. அடுப்படிக்குப் போனான். அம்மா சிரித்த முகமாக ஊருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்கு வருத்தமா இல்லையா?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "பொன்னுவா வந்தான்? அது உங்கப்பன், கண்ணு. மாட்டைக் கட்டறேன்னு பொறத்தால போயி, சன்னல்ல கையை உட்டுக் கலைப்பாரு. நான் அழுகக் கூடாதுன்னு."

"நீ பாத்தியா?"

"பாத்தா அவரு மனசு என்னாகும்? நான் ஒருநாளும் எட்டிப் பாக்கலை. பாவம், இத்தனை வருசமா இழுப்போட பனியில நின்னுக்கிட்டு! அதான் வித்துப்போட்டேன். நான் மனசு ஆறிட்டேன்னு நெனச்சு, இனியாச்சும் விட்டுருவாரு."

எப்பேர்ப்பட்ட மனுசன் தன் அப்பா! மாதப்பன் நேரே மாட்டுக் கொட்டகைக்குப் போனான்.

"அப்பா, இனிமே நீங்க பனியில நின்னு படம் கலைக்க வேண்டியதில்லீங்க. அம்மா எல்லாத்தையும் சொல்லிப்போட்டாங்க."

சின்னன் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"நானா? ஏஞ்சாமி, அது உங்கம்மாதானே?"

மாதப்பன் திரும்பி உள்ளறைச் சன்னலைப் பார்த்தான்.

"நான் இங்க மாட்டைக் கட்டறப்ப உள்ளார கேக்கும். எனக்காகத்தான் உக்காந்து கலைக்கறா, பாவம்னு கண்டுக்க மாட்டேன். பையன் வந்துட்டான் போலன்னு ஒரு வார்த்தை சொல்லி வப்பேன், அவளுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு. இன்னைக்கு அவளே வித்துட்டா. எனக்கு நொம்ப நிம்மதி. நீ இதையெல்லாம் அவகிட்டக் கேட்டுப்போடாதே, வெக்கப்படுவா."

அப்படியானால் கலைத்தது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தான். அடுப்படியில் அம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. அவள் பாடிக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

"சரிங்கப்பா" என்றான்.

அப்போது வாசல் பக்கம் யாரோ ஓடும் சத்தம். சின்னக் கால்கள், வெறுங்கால்கள். வீட்டிலிருந்து புறப்பட்டு, ஜீப் போன தடத்திலேயே, பனிக்குள் இறக்கத்தில் தடதடவென்று ஓடின. மாதப்பன் எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை.

சின்னனுக்கும் கேட்டது. உச்சுக் கொட்டினார்.

"யாரூட்டுப் புள்ளையோ, இருட்டற நேரத்துல ஒத்தையில ஓடுது. கூப்பிட்டு ஊட்டுக்குள்ள வச்சுக்க வேண்டாம்? நல்லாப் பெத்தாங்க போ!"